ஒரு தாள் பாக்கி

மூன்று ஆண்டுகள் கல்லூரிக்குப் போயிருப்பார். வரலாறோ வணிகவியலோ, எடுத்த பாடத்தில் எல்லாத் தாள்களிலும் தேறியிருப்பார். ஆனால், பட்டம் கைக்கு வந்திருக்காது. ஏன் என்று கேட்டால், "இங்கிலீஷ்ல ஒண்ணு நிக்குது" என்பார். நம் கிராமங்களில், குறிப்பாகக் காலனித் தெருக்களில், இந்தப் பதிலைக் கேட்காதவர் குறைவு.

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். பெரும்பாலான இளநிலைப் படிப்புகளில் இரண்டு ஆண்டுகளுக்கு ஆங்கிலத் தாள் உண்டு. தேர்ச்சிக்கு நூற்றுக்கு நாற்பது போதும். அந்த நாற்பது வராவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் பி.எட். சேர முடியாது, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வு எழுத முடியாது. மூன்று ஆண்டு படித்தவர், வேலைக்கான விண்ணப்பத்தில் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்றே எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டில் சொல்லித்தர ஆள் உள்ளவர்களும், டியூஷனுக்குப் பணம் கட்ட வசதி உள்ளவர்களும் எப்படியாவது தாண்டிவிடுகிறார்கள். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற தாய் தகப்பனின் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தப் பத்தியில் நாம் இதைப் பேசுவதற்கு அதுவே காரணம்.

கடலூர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசுக் கல்லூரியின் ஆங்கில உதவிப் பேராசிரியர் ஒருவர், நின்றுபோன இந்தத் தாள்களை எழுதி முடிக்க வைப்பதைப் பல ஆண்டுகளாகத் தன் வேலையாகச் செய்துவருகிறார். அவரைச் சந்திக்கப் போனோம். "எம் பேரு வேணாங்க. பசங்க பேரும் வேணாம். அரியர் வெச்சிருக்கான்னு பேப்பர்ல வந்தா அந்தப் புள்ளைக்குக் கஷ்டம்" என்றார் முதலிலேயே. அதனால் இங்கே பெயர்கள் இல்லை.

அவருக்கும் நின்றது

காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்தின் காலனி அவருடைய ஊர். அப்பா பறை அடிப்பவர். அம்மா கூலி வேலைக்குப் போனவர். ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்குச் சிதம்பரம் நந்தனார் பள்ளியில் சேர்ந்தார். விடுதியில் தங்கிப் படித்தார்.

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பள்ளி அது. ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1916இல் சிதம்பரத்தில் தொடங்கியது. நந்தனார் பெயரால் பக்தி பேசிய ஊரில், அதே பெயரால் ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பியவர் அவர். "அந்த ஹாஸ்டல் சோறு இல்லன்னா நான் எட்டாவதோட மாடு மேய்க்கப் போயிருப்பேன்" என்கிறார் பேராசிரியர்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. 1996இல் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். முதலாண்டு ஆங்கிலத் தாளில் பதினெட்டு மதிப்பெண். அடுத்த முறை இருபத்தாறு. மூன்றாவது முறை எழுதும்போது அவருடன் படித்தவர்கள் இரண்டாம் ஆண்டின் இறுதிக்கு வந்துவிட்டார்கள். வரலாற்றில் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவராக இருந்தவர், ஆங்கில வகுப்பில் கடைசிப் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

"புரியலன்னு சொல்றதுக்குக்கூட இங்கிலீஷ்லதான் சொல்லணும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதனால சொல்லவே இல்ல" என்று சிரிக்கிறார். இன்று தன் வகுப்பில் அவர் முதல் நாளே சொல்வது, புரியவில்லை என்பதைத் தமிழில் சொல்லலாம் என்பதைத்தான்.

கைகொடுத்தவர் விடுதியில் மேல் வகுப்பு படித்த ஓர் அண்ணன். பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்து, தினமும் இரவில் ஒரு பத்தி படிக்கச் சொன்னார். அர்த்தம் கேட்காதே, முதலில் வாய்விட்டுப் படி என்றார். மூன்றாவது முறை நாற்பத்தொரு மதிப்பெண். ஒரு மதிப்பெண்தான் உபரி. அந்த நாற்பத்தொன்று கொடுத்த துணிச்சலில், பட்டம் முடித்ததும் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு விண்ணப்பித்தார். பகுதி இரண்டில் ஆங்கிலம் படித்தவர்கள் வேறு பாடத்திலிருந்தும் எம்.ஏ. ஆங்கிலம் சேரலாம் என்பது அப்போது அவருடைய ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போதும் பலருக்குத் தெரியாது.

எம்.ஏ. முடித்து, மாநிலத் தகுதித் தேர்வான செட் தேறி, ஒன்பது ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் ஊதியம். மே மாதம் வந்தால் வீட்டில் அம்மாவின் கூலிதான். 2015இல் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக நிரந்தரப் பணி கிடைத்தது.

முதல் வாரம் புத்தகம் இல்லை

அவருடைய வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்தோம். முதலாண்டு மாணவர்கள் அறுபது பேர். பாடப்புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் அம்மாவோ ஆயாவோ பேசுகிற ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு மாணவி "ரேஷன்" என்றார். "கரண்ட்" என்றார் இன்னொருவர். பஸ், லோன், சார்ஜர், போர், மோட்டார், ஆதார் கார்டு, ஸ்கேன், ஷுகர், டோக்கன் என்று கரும்பலகை நிரம்பியது. "ஆதார் நம்ம சொல்லு, கார்டு அவங்க சொல்லு" என்று நடுவில் ஒரு திருத்தம். மணி அடிக்கும்போது நூற்றுக்கும் மேல் சொற்கள் சேர்ந்திருந்தன.

"பள்ளிக்கூடமே போவாத உங்க ஆயா இத்தன இங்கிலீஷ் பேசுறாங்க. நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?" என்றார். மாணவர்களை அவர் ஒருமையில் அழைப்பதில்லை. "வாங்க தம்பி", "சொல்லுங்க பாப்பா" என்றுதான் பேசுகிறார். மரியாதை இல்லாத இடத்தில் வாய் திறக்காது, வாய் திறக்காத இடத்தில் மொழி வராது என்பது அவர் கண்ட அனுபவம்.

இரண்டாவது வாரம் ஆங்கில அகராதி வருகிறது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த புத்தகம். நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொற்களைத் தேடச் சொல்கிறார். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதையும், சுருட்டு 'செரூட்' ஆனதையும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனதையும் கண்டுபிடித்து மாணவர்கள் சிரிக்கிறார்கள். கடைசியாக ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதையும் பார்க்கச் சொல்கிறார். 'பரையா.'

எழுந்து படித்த மாணவருக்குக் குரல் இறங்கிவிட்டது. சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், தள்ளிவைக்கப்பட்டவர் என்று பொருள் போட்டிருக்கிறது. சொல்லின் மூலம் தமிழ் என்றும், பறை என்னும் இசைக்கருவியிலிருந்து வந்த பெயர் என்றும் கீழே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய்விட்ட சொல் இது. இன்றும் உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைக் குறிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் கூச்சமில்லாமல் இதை எழுதுகின்றன.

வகுப்பில் பேச்சே இல்லை. அவர் அவசரப்படவில்லை. பிறகு சொன்னார்: "இந்தச் சொல்ல அகராதியிலேர்ந்து நம்மால எடுத்துட முடியாது. ஆனா இதப் பத்தி அடுத்த வாக்கியத்த நாம எழுதலாம்ல?"

அன்றைய வீட்டுப்பாடம், பறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள். எந்த மரத்தில் சட்டம் செய்வார்கள், தோலை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள், அடிக்குச்சி எது, சுண்டுக்குச்சி எது, யார் யார் அடிக்கிறார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அதுவரை பேசாமல் கடைசியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைச் சுற்றி அன்று கூட்டம். விவரம் அவர்களிடம்தான் இருந்தது. ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அவசியம், அவர்களை வகுப்பின் நடுவுக்குக் கொண்டுவந்தது.

ரொட்டி கொடுத்துக் கற்ற எழுத்து

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அவர் தவறாமல் சொல்லும் கதை, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரடெரிக் டக்ளஸுடையது. பால்டிமோர் நகரில் எஜமானியம்மா சிறுவன் டக்ளஸுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார். கணவர் தடுத்துவிடுகிறார். படித்தால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்பது அவருடைய கவலை. படிப்பில் ஏதோ பெரிய வலிமை இருக்கிறது என்று சிறுவனுக்கு அந்த நிமிடம் புரிந்துவிடுகிறது. வீட்டு ரொட்டியை எடுத்துப்போய்த் தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துக் கற்றுக்கொண்டார். 1845இல் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார்.

இந்தக் கதை முடிந்த ஒரு நாளில் ஒரு மாணவி எழுந்து, "எங்க ஆயாவ பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் உட்டாங்களாம் சார், மாட்ட ஓட்டிக்கிட்டு" என்றாராம். அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இலக்கணப் பிழைகளோடு எட்டு வரி. அந்தத் தாள் இன்னும் அவருடைய பையில் இருக்கிறது.

நம் எழுத்தையும் ஆங்கிலத்தில் படிக்கவைக்கிறார். பாமாவின் 'கருக்கு' 1992இல் தமிழில் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலையும் அவரே மொழிபெயர்த்தார். முதலில் தமிழில் ஒரு பக்கம், பிறகு அதே பக்கம் ஆங்கிலத்தில். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் மாணவர்கள் சொல்லுக்குச் சொல் தடுக்கி விழுவதில்லை. "இந்த எடத்துல அவங்க போட்ட சொல்லு சரியில்ல சார்" என்று வாதாடும் அளவுக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். தன் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்கிறார்.

ஆங்கில வகுப்பில் இவ்வளவு தமிழ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர் அம்பேத்கரைச் சொல்கிறார். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம் படித்தார். ஆங்கிலம் அவருக்கு உலகத்தைத் திறந்தது. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக ஆங்கிலத்தில் எழுதிய உரையைப் பேச விடாமல் மாநாட்டையே ரத்து செய்தார்கள். தன் செலவில் அச்சிட்டார். அந்த உரை ஈரோட்டுக்கு வந்து 'குடிஅரசு' வழியே தமிழிலும் பரவியது. எழுதியது ஆங்கிலத்தில், சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்தது அவரவர் மொழியில். இரண்டும் வேண்டும் என்பதுதான் அவருடைய பதில்.

கடிதம் எழுதும் பயிற்சியில் நடந்த ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொன்னார். காலனி நிறுத்தத்தில் பேருந்து நிற்பதில்லை என்று மாணவர்கள் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதி, உண்மையிலேயே தபாலில் சேர்த்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது, நல்ல தமிழில். "அரசாங்கத்துக்கிட்டத் தமிழ்ல கேக்கறது நம்ம உரிமைன்னு அன்னைக்கே ஒரு பாடம் நடத்திட்டேன்" என்றார். பேருந்து நிற்கிறதா என்று கேட்டோம். சில நாள் நிற்கிறதாம். மனு தொடர்கிறது.

சனிக்கிழமை வகுப்பு

அவருடைய ஊர்க் காலனியில் அம்பேத்கர் படிப்பகம் ஒன்று இருக்கிறது. ஓட்டுக் கட்டடம், இரண்டு டியூப்லைட், நான்கு பாய். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங்கே வருபவர்கள், கல்லூரியை விட்டு எப்போதோ வெளியே போனவர்கள். கொத்தனார் வேலை முடித்துச் சிமெண்ட் கையோடு ஒருவர். மினி டெம்போ ஓட்டுபவர் ஒருவர். கைக்குழந்தையோடு ஒரு தாய். எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒன்றோ இரண்டோ பாக்கி.

இங்கே கதை குறைவு, கணக்கு அதிகம். கேள்வித்தாளில் எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண், அதில் நிச்சயமாக எடுக்கக்கூடியது எவ்வளவு என்று ஒவ்வொருவரும் எழுதிப் பார்க்கிறார்கள். பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது, கடிதம், உரையாடல் ஆகிய மூன்றையும் பயமில்லாமல் எழுதிவிட்டால் கரையேறலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு பழைய கேள்வித்தாள், கடிகாரம் வைத்து. வாய்விட்டுப் படிப்பது கட்டாயம். விடுதி அண்ணனிடம் கற்றதை அவர் விடவில்லை.

பக்கத்து ஊர்த்தெருவிலிருந்தும் ஓர் இளைஞர் வருகிறார். அவருக்கும் ஒரு தாள் நிற்கிறது. முதல் வாரம் காலனி முனையில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றாராம். பேராசிரியரே போய் அழைத்துவந்தார். இரண்டாவது வாரம் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். நாம் போன அன்று, வீட்டிலிருந்து வந்த டீயை எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தது அவர்தான். ஊரில் இதற்கு முணுமுணுப்பு உண்டு. அவர் வருவதை நிறுத்தவில்லை.

கைக்குழந்தையோடு வரும் பெண்ணின் நிலைதான் நம்மைக் கலங்கவைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்தவர். கணிதத்தில் எல்லாத் தாள்களும் தேர்ச்சி. நிற்பது நான்காம் பருவ ஆங்கிலம் மட்டும். அரியர் எழுதி முடிக்கப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் கால வரம்பு அவருக்கு இந்த நவம்பரோடு முடிகிறது. சென்ற முறை முப்பத்தாறு. "நாலு மார்க்குங்க. நாலே நாலு மார்க்கு" என்று குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னார். பட்டம் வந்தால் பி.எட். படிக்க வேண்டும், கணக்கு டீச்சராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மீதி நவம்பர் கையில் இருக்கிறது.

தூண்டிலும் பறையும்

ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டில் பார்க்க முடியாது. தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். கிடைப்பது பெரும்பாலும் கெண்டையும் கெளுத்தியும்தான். "மீன் புடிக்கிறவனுக்கு அவசரம் கூடாது. வாத்தியாருக்கும் அதே" என்கிறார். இளம் வயதில் வாலிபால் ஆடியவர். இப்போது சுற்றுவட்டாரப் போட்டிகளில் விசில் ஊதுவது அவர்தான்.

இன்னொரு பழக்கம் குறிப்பெடுப்பது. நடவு, களை, அறுப்பு, நெல் வகை, சேற்றின் தன்மை பற்றி அம்மா பேசும் சொற்களை ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதிவருகிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கம். பல சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடைப்பதில்லை என்பதில் அம்மாவுக்குப் பெருமை.

பறை பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்தார். அப்பா ஊர்ச்சாவுகளுக்குக் கட்டாயத்தின்பேரில் அடித்தவர். கூலியாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தவர். மகன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அவர் அந்த வேலையை நிறுத்தினார். பறை ஓலைப்பையில் பல ஆண்டு தொங்கியது. படித்த பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. அவர்களுடைய காயம் அவருக்குப் புரிகிறது. ஆனாலும் அப்பாவிடமே அடிகளைக் கற்றுக்கொண்டார். அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் கல்லூரி விழாவுக்கும் அடிக்கிறார். "யாரும் கூப்புட்டு அனுப்பி அடிக்க மாட்டேன். எனக்குத் தோணினா அடிப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்."

படிப்பவர்களுக்கு

மாணவர்களுக்கு அவர் சொல்லி அனுப்பியவை சில. ஆங்கிலத்தில் அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். மறைப்பதால்தான் ஆண்டுகள் ஓடுகின்றன. கால வரம்பு எவ்வளவு, சிறப்பு வாய்ப்பு உண்டா, பாடத்திட்டம் மாறியிருந்தால் எந்தத் தாளை எழுத வேண்டும் என்று படித்த கல்லூரியின் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள். இப்போது படிப்பவர்கள் கல்வி உதவித்தொகையையும், அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு பங்கை ஒரு நல்ல அகராதிக்குச் செலவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை இரவில் ஆங்கிலத்தை வாய்விட்டுப் படித்தால், சத்தம் என்று அதட்டாதீர்கள். தப்பாகப் படித்தாலும் படிக்கட்டும்.

ஒரு மொழி தெரியவில்லை என்பதற்காக மூன்று ஆண்டுப் படிப்பும், வயலில் நின்று அதற்குப் பணம் கட்டிய தாயின் உழைப்பும் வீணாகிவிடக் கூடாது. ஒவ்வொரு காலனியிலும் ஒரு படிப்பகமும், அங்கே சனிக்கிழமை வந்து உட்கார ஒரு ஆசிரியரும் இருந்தால் இந்தப் பாக்கியைத் தீர்த்துவிட முடியும். நம் ஊர்களில் படித்து வேலைக்குப் போனவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்களிடம் கேட்பது அதிகமில்லை.